கோட்டைத் தாண்டிய வீக்கம்

"கட்டுல ஒரு பொட்டு ரத்தம் இல்லை. இதைப் போய் ரத்தக்கசிவுன்னு சொல்றீங்களே, டாக்டரம்மா?"

கேட்டவர் டாக்டர் தணிகாசலம். கிராமத்து ஆஸ்பத்திரியில் இருபத்தைந்து வருஷம் கட்டி கீறிய கை. ஐம்பது வயதில் இதய வைத்தியம் கற்க வந்திருந்தார். கற்றுக்கொடுத்த டாக்டர் பியூலாவுக்கு அவர் மகள் வயது.

பியூலா பேனாவை எடுத்தாள்.

கட்டிலில் குருசாமி. நேற்றுதான் அவருக்கு இடது தோளுக்குக் கீழே, தோலுக்கடியில், இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் வைத்திருந்தார்கள். அந்த இடம் எலுமிச்சை அளவுக்குப் புடைத்திருந்தது.

புடைப்பைச் சுற்றிக் கோடு போட்டாள்.

"கோலமா போடுறீங்க?" சிரித்தாள் மனைவி சிகப்பி. "மிஷினு நல்லா வேர் பிடிச்சு வளருது போல!"

"மிஷின் வளராதும்மா."

ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையை நிறுத்தச் சொன்னாள். இறுக்கிக் கட்டுப் போட்டாள். போய்விட்டாள்.

மதியம் தணிகாசலம் கட்டை அவிழ்த்தார்.

கிட்டே குனிந்து பார்த்தார்.

கோடு எங்கேயோ நடுவில் கிடந்தது. வீக்கம் அதைத் தாண்டி அக்குள் வரை போயிருந்தது. தோல் பலூன் மாதிரி பளபளத்தது.

"தெறிச்சிரும் போல இருக்கே..." முனகினார் குருசாமி.

சிகப்பி இப்போது சிரிக்கவில்லை. "சார், ஏதாச்சும் பண்ணுங்க சார்!"

தணிகாசலத்தின் கை தானாக ஊசியை எடுத்தது. எத்தனை கட்டி பார்த்த கை! உறிஞ்சி எடுத்தால் தீர்ந்தது.

முனை தோலைத் தொடப்போன நேரம், யாரோ மணிக்கட்டைப் பிடித்தார்கள்.

பியூலா.

"ஊசியோட கூட யார் சார் உள்ளே போறாங்க?"

"யாரும்மா போவாங்க? ஊசி மட்டும்தான்."

"தோல்ல உட்கார்ந்திருக்கிற கிருமி?"

அவர் ஊசி முனையைப் பார்த்தார்.

"உள்ளே இருக்கிற பேஸ்மேக்கர் வயர் எங்கே போகுது?"

இதயத்துக்கு.

தணிகாசலம் ஊசியைக் கீழே வைத்தார்.

ஆபரேஷன் தியேட்டரில் தையலைப் பிரித்தார்கள். பியூலா உள்ளே விரல் விட்டு அள்ளினாள். கறுப்பாய், கெட்டியாய், ஆட்டு ஈரல் மாதிரி உறைந்த ரத்தம், ஒரு கிண்ணம் நிறைய. கசிந்துகொண்டிருந்த ரத்தக்குழாய் நூல் தடிமன்கூட இல்லை. அதைச் சுட்டு அடைத்தாள். கழுவினாள். தைத்தாள்.

கதவைத் திறந்ததும் சிகப்பி ஓடிவந்தாள். "இருக்காரா?"

"இருக்கார்மா. காபி கேட்கிறார்."

சிகப்பி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தணிகாசலத்துக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

"டாக்டரம்மா, ஒண்ணு கேக்கறேன். இதே தியேட்டர்ல வச்சு, சுத்தமா ஊசி வச்சு எடுத்திருந்தா? அறுக்காமலே முடிஞ்சிருக்குமே?"

பியூலா கிண்ணத்தை அவர் முன்னால் நகர்த்தினாள். பக்கத்தில் அவருடைய ஊசியை வைத்தாள்.

"உறிஞ்சுங்க, சார்."