தோள்கட்டை

மலைக்கு அப்பால், ரயில் எட்டாத இடத்தில், ஒரே ஒரு லாரிப் பாதையை நம்பிப் பிழைக்கிற ஊர் கரிக்குன்றம். நிலக்கரிச் சுரங்கம்தான் ஊருக்குச் சோறு. அங்கே சோணைமுத்து மேஸ்திரி அன்று மத்தியானம் தன் பெட்டியைக் கட்டி முடித்தார். விடிந்தால் லாரி. மழை பிடித்துக்கொண்டால் பாதை அடைபட்டுவிடும். அப்புறம் தை பிறந்த பிறகுதான். அதற்குள் ஓடிவிட வேண்டும் என்று இருந்தார்.

ஓடுவதற்குக் காரணம் இருந்தது. அவர் கட்டிய ஆஸ்பத்திரி இரண்டாகப் பிளந்துவிட்டது.

சமவெளியில் மண்டபம், சத்திரம், பாலம் என்று கட்டிப் பேர் வாங்கிய மனிதர் அவர். அந்தப் பெருமையோடு கருங்கல்லில் எழுப்பிய ஆஸ்பத்திரி அது. "நூறு வருஷத்துக்கு அசையாது" என்று திறப்பு விழாவில் மைக்கைப் பிடித்துச் சொன்னார். இரண்டாம் வருஷம், கோடை மழை ஒன்று அடித்து ஓய்ந்த மறுநாள், அடியில் தோண்டிப்போட்ட பழைய சுரங்கம் உட்கார்ந்தது. ஆஸ்பத்திரியும் கூடவே உட்கார்ந்தது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. நோயாளிகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ப் போட்டார்கள். பிள்ளைகளுக்கு லீவு. அதில் அவர்களுக்குக் கொண்டாட்டம்.

ஊரில் ஒருத்தர்கூட மேஸ்திரியைத் திட்டவில்லை. அதுதான் அவரால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி மனசை ஆற்றிக்கொண்டிருப்பார்.

இந்த ஊருக்கு வந்த பிறகு குருவாக ஏற்றுக்கொண்ட வடிவம்மாவிடம் சொல்லிக்கொண்டு கிளம்பலாம் என்று போனார்.

குருவுக்கு வயது முப்பத்தாறு. சீடருக்கு ஐம்பத்தெட்டு. முதலில் மேஸ்திரிக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. வடிவம்மா சில நாள் கேள்விக்குப் பதில் சொல்வார். சில நாள் முறத்தைக் கையில் கொடுத்து அரிசி புடைக்கச் சொல்வார். அன்றைக்குக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"கிளம்பிட்டீங்களா மேஸ்திரி?"

"விடிஞ்சதும் கிளம்பறேன்."

"சரி. உட்கார்ந்து இந்தக் கீரைக் கட்டை ஆயுங்க."

உட்கார்ந்தார். கை கீரையில் ஓடவில்லை.

"ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டுப் போறேன், அம்மா. தரையே பொய்யா இருக்கிற ஊர்ல, எதை நம்பிக் கட்டுறது?"

"இங்க போலீஸ் ஸ்டேஷன் இடம் மாறின கதை தெரியுமா?"

"தெரியாது."

"ஆத்தங்கரையில இருந்துச்சு. தரை சாஞ்சுது. ஊரே போய்த் தூக்குச்சு. ஒரு மூலையில மட்டும் ஆள் பத்தலை. லாக்கப்புல ஒரு கோழித் திருடன் இருந்தான். 'ஏட்டய்யா, கதவைத் திறங்க, நானும் ஒரு கை பிடிக்கறேன்'னான். திறந்துவிட்டாங்க. மேடு வரைக்கும் தூக்கிட்டு வந்தான்."

"அப்படியே ஓடிட்டானா?"

"இறக்கி வச்சதும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கிட்டான். தான் தூக்கிட்டு வந்த ஸ்டேஷன்ல உட்கார அவனுக்கு என்ன வெட்கம்?"

மேஸ்திரி சிரித்துவிட்டார். உடனே முகம் வாடியது.

"அது மரக் கட்டிடம், அம்மா."

உண்மைதான். தபால் ஆபீஸ், பள்ளிக்கூடம், படிப்பகம், போலீஸ் ஸ்டேஷன் என்று ஊருக்குப் பொதுவானது எல்லாமே அங்கே மரச்சட்டமும் தகரக் கூரையுமாக, முழங்கால் உயரக் கற்களின்மேல் உட்கார்ந்திருக்கும். அடியில் குறுக்கே போட்ட தடித்த மரங்கள் இரண்டு பக்கமும் நன்றாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தோள்கட்டை என்பார்கள். தரை சாய்ந்தால் அதற்கடியில் தோளைக் கொடுத்துக் கட்டிடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். இப்படியே தபால் ஆபீஸ் மூன்று இடமும் பள்ளிக்கூடம் நாலு இடமும் பார்த்தாயிற்று. வந்த புதிதில் மேஸ்திரி அதைப் பார்த்து, "இது கட்டிடமா, பல்லக்கா?" என்று கேலி செய்தார். தன் ஆஸ்பத்திரியில் அந்த அசிங்கம் இருக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

"கல்லுல கட்டினது என் தப்பா, அம்மா?"

"அந்த இலையில புழு இருக்கு, பாருங்க" என்றார் வடிவம்மா.

அப்போது சுரங்கத்துச் சங்கு ஊதியது. ஷிப்டு மாறுகிற நேரம் இல்லை. தெருவில் ஒரு பெண் கத்திக்கொண்டே ஓடினாள்.

"பள்ளிக்கூடம் சாயுது! எல்லாரும் வாங்க!"

கீரையை அப்படியே போட்டுவிட்டு இருவரும் ஓடினார்கள்.

பள்ளிக்கூடத்தின் ஒரு மூலை தாழ்ந்திருந்தது. டாக்டரம்மாவும் நர்சுகளும் நோயாளிகளைக் கட்டிலோடு வெளியே கொண்டுவந்துகொண்டிருந்தார்கள். மேலே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மேஸ்திரி வானத்தையும் கட்டில்களையும் மாறி மாறிப் பார்த்தார். இந்தக் கூரையும் போனால் இத்தனை நோயாளிகளையும் மழை முடிகிறவரை எங்கே வைப்பது? வேறு கூரை இல்லாமல் செய்தது யார்?

எல்லாரையும் இறக்கியாயிற்று, ஒருத்தரைத் தவிர. சடையன் என்ற பழைய சுரங்கத்துத் தொழிலாளி, காலில் மாவுக்கட்டோடு, வாசற்படியில் சட்டமாக உட்கார்ந்திருந்தார்.

"இறங்குங்க பெரியவரே! காலு!" என்று கத்தினார் டாக்டரம்மா.

"காலு எதுக்கு? நீங்கதானே தூக்கப் போறீங்க. மேல ஒருத்தன் இருந்து குரல் கொடுக்க வேணாமா?"

அதற்குமேல் வாதாட நேரமில்லை. சுரங்கத்திலிருந்து ஆட்கள் கரி முகத்தோடு ஓடிவந்தார்கள். பெண்கள் புடவையை இழுத்துச் செருகினார்கள். ஏட்டு தொப்பியைக் கழற்றி வைத்தார். வாத்தியார் வந்தார், போஸ்ட்மாஸ்டர் வந்தார். மேஸ்திரியை ஏற்றிப்போக வந்திருந்த லாரி டிரைவர் முன்வரிசையில் போய் நின்றான். தோள்கட்டைகளுக்கு அடியில் ஊர் முழுக்க நுழைந்தது.

மேஸ்திரி ஒதுங்கி நின்றார். இருந்த ஆஸ்பத்திரியைக் கெடுத்தவன் எந்த முகத்தோடு போய்ச் சேர்ந்துகொள்வது?

வடிவம்மா ஏற்கனவே குனிந்து தோளைக் கொடுத்திருந்தார். அவர் மேஸ்திரியைக் கூப்பிடவில்லை. சற்றே நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டார்.

மேஸ்திரி துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

"ஏலே... ஐலசா!" என்றார் சடையன்.

அசையவில்லை.

"சாப்பிட்டீங்களா இல்லையா? ஐலசா!"

பள்ளிக்கூடம் எழுந்தது.

எத்தனையோ கட்டிடங்களைக் கட்டியவர்தான். ஒன்றின் கனத்தைக்கூடத் தன் உடம்பில் அறிந்ததில்லை. இப்போது தோளெலும்பு நெறிந்தது, கண்ணில் நீர் முட்டியது, வாயோ தானாக ஐலசா போட்டது. பள்ளிக்கூடம் கடைத்தெருவில் நடந்துபோனது. உள்ளே கரும்பலகை ஆடியது. மணி தன்பாட்டுக்கு அடித்துக்கொண்டது. பிள்ளைகள் முன்னால் ஓடிக் கல்லையும் முள்ளையும் பொறுக்கிப் போட்டார்கள்.

"போஸ்ட்மாஸ்டர், நிமிர்ந்து தூக்குங்க! கார்டா, கவரா? பள்ளிக்கூடம்யா!" என்று வாசலில் இருந்து விரட்டினார் சடையன். சிரித்துக்கொண்டே தூக்கினார்கள்.

பாதி வழியில் முதுகுக்குப் பின்னால் பெரிய ஓசை கேட்டது. பள்ளிக்கூடம் நின்றிருந்த இடம் அப்படியே உள்வாங்கிப் புழுதி எழுந்தது. தூக்கியபடியே தலையைத் திருப்பிப் பார்த்தார்கள். பிறகு யாரோ விசிலடித்தார்கள். ஊரே கத்தியது. கோயில் தேர் நிலைக்கு வந்தாற்போல அப்படி ஒரு கூச்சல்.

கரி எடுக்காத மேட்டில், கல்லை அடுக்கி இறக்கி வைத்தபோது முதல் தூறல் விழுந்தது. கட்டில்கள் உள்ளே போயின. டாக்டரம்மா சடையனின் மாவுக்கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, திட்ட ஆரம்பித்தவர், சிரித்துவிட்டார். தகரத்தின்மேல் மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. ஒருவர்மேலும் ஒரு சொட்டு விழவில்லை.

மேஸ்திரி அழுதார். அதை மறைக்கவும் இல்லை. இத்தனை சந்தோஷம் எந்தத் திறப்பு விழாவிலும் அவருக்குக் கிடைத்ததில்லை.

லாரி டிரைவர் நனைந்தபடி வந்தான்.

"மேஸ்திரி, மழை இன்னும் வலுக்கறதுக்குள்ள இப்பவே வண்டியை எடுத்துடறேன். பெட்டி எங்க?"

"பெட்டி கிடக்கட்டும். நீ கீழே போய் மரம் ஏத்திட்டு வந்துடு, பாதை அடையறதுக்குள்ள. தேக்கு கிடைச்சா தேக்கு. நல்ல நீளமா இருக்கணும், சுவரைத் தாண்டி ரெண்டு பக்கமும் நீட்டற மாதிரி."

"எதுக்கு?"

"ஆஸ்பத்திரிக்கு!"

உள்ளேயிருந்து சடையன் கைதட்டினார். டிரைவர் ஓட்டமாக ஓடினான்.

வடிவம்மா தாழ்வாரத்தில் புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டிருந்தார். மேஸ்திரி பக்கத்தில் போய் நின்றார். ஆஸ்பத்திரி வந்துவிடும், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் முப்பது வருஷத்துத் தொழில் சும்மா விடுமா?

"அம்மா, எல்லாம் சரி. இந்த ஊர்ல அஸ்திவாரத்தை எங்க போடறது?"

"தோள் வலிக்குதா மேஸ்திரி?"

"உயிர் போகுது."

"எந்த இடத்துல?"

மேஸ்திரி சட்டையை விலக்கி, கன்றிச் சிவந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார்.

"அங்கதான்" என்றார் வடிவம்மா.