ஆள்காட்டியின் இரண்டாம் குரல்

அந்தக் காலத்தில் விலங்குக்கும் பறவைக்கும் பேச்சு இருந்தது. பேச்சு இருக்கிற இடத்தில் வம்பு இல்லாமல் இருக்குமா? வருடம் முழுக்கச் சேர்ந்த வம்பை ஒரே நாளில் தீர்த்துக்கொள்ளத்தான் காட்டில் ஓட்டப்பந்தயம் வைத்தார்கள். ஒரு பக்கம் ஏரிக்கரைக் கல்லூரி, மறுபக்கம் மலையடிக் கல்லூரி. ஜெயித்த கல்லூரியின் சனம் கோடை முழுக்க மடுவில் முதலில் தண்ணீர் குடிக்கும். தோற்ற சனத்துக்குக் கலங்கிய மிச்சம்.

ஏரிக்கரைக்கு மிச்சம்தான் பழக்கம். பாறையில் துள்ளி வளர்ந்த மலையடிக் கால்களோடு, வெடித்த சேற்றில் தடுக்கி வளர்ந்த கால்கள் போட்டி போட முடியுமா? அதனால் ஏரிக்கரையின் விளையாட்டுத் துறையைப் பார்த்துக்கொண்ட உடும்பு மாஸ்டர் காலை நம்பவில்லை, யோசனையை நம்பினார். தரையில் வெள்ளைக் கோடு இழுத்து, "எல்லாரும் இதுக்குப் பின்னாடி" என்று முதலில் சொன்னவர் அவர்தான். குதிகாலுக்குப் பின்னால் கல்லைப் பதித்து, குனிந்து, அதை உதைத்துக் கிளம்பச் சொன்னதும் அவர்தான். மலையடிக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்த வருடம் சத்தமில்லாமல் அவர்களும் கல்லைப் பதித்தார்கள்.

ஒன்று மட்டும் தீரவில்லை. எப்போது கிளம்புவது? ஓட்டம் கொட்டாவி விடுகிற நேரத்தில் முடிந்துவிடும். "நீதான் முந்தினே" சண்டை மறுநாள் வரை ஓடும். போன வருடம் அதில் ஒரு காது கிழிந்தது.

இந்த வருடம் மாஸ்டர் செம்பாயியைக் கூப்பிட்டார். செம்பாயி ஒரு ஆள்காட்டிக் குருவி. தாயைப் பருந்து தூக்கிப்போன நாளிலிருந்து, கருவேல மரத்தில் கூடு கட்ட இடம், இரையில் பங்கு, கொம்பில் நிழல் என்று எல்லாவற்றையும் கத்திக் கத்தியே வாங்கியவள். அந்தக் குரல் ஏரியின் அடுத்த கரைக்கும் கேட்கும்.

"நீ கத்தினா ஓடணும். அதுக்கு முன்னாடி எவனும் அசையக்கூடாது. அவ்வளவுதான்," என்றார் மாஸ்டர்.

மலையடிப் பயிற்சியாளரான முள்ளம்பன்றி வாத்தியார் சிலிர்த்துக்கொண்டார். "உங்க மரத்துப் பறவை கத்தும், எங்க பிள்ளை ஓடணுமா? நல்லா இருக்கே நியாயம்!"

"அப்போ உங்க கௌதாரியைக் கூட்டிட்டு வாங்க வாத்தியாரே," என்றாள் செம்பாயி. "அது தொண்டையைச் சரிபண்றதுக்குள்ளே பொழுது சாஞ்சிரும்."

"உன்னை எப்படி நம்புறது?"

"எவன் கால் கோட்டைத் தாண்டினாலும் சொல்லுவேன். எங்க பயலா இருந்தாலும் சொல்லுவேன்."

"சொல்லலேன்னா?"

"எங்க சனம் எந்தக் கோடையிலும் முதல்ல குடிக்காது. போதுமா?"

மாஸ்டரின் வால் துடித்தது. "அடியே, எங்களைக் கேக்காமலேயே எங்களை அடகு வெக்கிறியே!"

"வேற எதை வெக்க, மாஸ்டர்? என்கிட்ட என்ன இருக்கு?"

வாத்தியார் சிரித்துவிட்டார். பேரம் முடிந்தது.

பந்தய நாளில் காடே வந்திருந்தது. மலையடிக்குச் சருகுமான். ஏரிக்கரைக்கு வெடியன் என்கிற முயல். இரண்டு பேரும் கோட்டுக்குப் பின்னால் குனிந்து கல்லில் காலை ஊன்றினார்கள். கருவேலங்கிளையில் செம்பாயி மூச்சை இழுத்தாள். மேலே கூட்டில் அவளுடைய குஞ்சுகள் அலகைத் திறந்துகொண்டு கிடந்தன. காலையிலிருந்து அவற்றுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

அவள் வாயைத் திறக்குமுன் வெடியனின் முன்னங்கால் கோட்டைத் தாண்டி வழுக்கியது. நகத்தளவுதான். வேறு யார் கண்ணிலும் படவில்லை. செம்பாயிக்கு யோசிக்க நேரமில்லை. தப்பைப் பார்த்ததும் வாய் கத்திவிட்டது.

கத்திய பிறகுதான் உறைத்தது. கத்தினால் ஓட வேண்டும் என்றுதானே ஏற்பாடு? நில்லு என்பதற்கு ஏற்பாடே இல்லையே! உடும்பும் யோசிக்கவில்லை, முள்ளம்பன்றியும் யோசிக்கவில்லை, அவளும் யோசிக்கவில்லை. இரண்டு பேரும் கல்லை உதைத்துக்கொண்டு பறந்தார்கள்.

செம்பாயி பின்னாலேயே பறந்தாள். அவர்கள் தலைக்கு மேல் வட்டமிட்டு, "செல்லாது, செல்லாது!" என்று கத்தினாள். கூட்டத்தின் கூச்சலில் வார்த்தை கேட்கவில்லை, குரல்தான் கேட்டது. உற்சாகப்படுத்துகிறாள் என்று நினைத்து இன்னும் வேகமாக ஓடினார்கள். அந்த நகத்தளவு வித்தியாசத்தில் வெடியன் ஜெயித்தான்.

ஏரிக்கரை ஆடியது. கிழட்டு ஆமைகூடக் கழுத்தை முழுசாக நீட்டிக் கூவியது. முள்ளம்பன்றி வாத்தியார் முட்களைத் தாழ்த்திக்கொண்டு, "சரி, முதல் தண்ணி உங்களுக்குத்தான்," என்று திரும்பி நடந்தார்.

செம்பாயி கூட்டைப் பார்த்தாள். முதல் தண்ணீர். தெளிந்த தண்ணீர். சும்மா இருந்தால் போதும், குஞ்சுகள் இன்றைக்கே குடிக்கும். சும்மா இருக்கிறது இவ்வளவு சுலபம் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. முதல் தடவை வாய் தானாகக் கத்திவிட்டது. இப்போது அவளேதான் கத்த வேண்டும்.

"வாத்தியாரே, நில்லுங்க! ஓட்டம் செல்லாது!"

ஆட்டம் நின்றது. வெடியன் ஓடிவந்தான். "அக்கா, வெயில் மண்டைக்கு ஏறிடுச்சா? நீங்க கத்தினீங்க, நான் ஓடினேன்."

"உன் கால் தாண்டினதாலதான்டா கத்தினேன்!"

"யார் பார்த்தா?" என்று அதே கருவேல மரத்தில் குடியிருந்த செம்போத்து கேட்டது.

"நான் பார்த்தேன்."

"நீ மட்டும்தானே?"

"அதுக்குத்தானே என்னை வெச்சீங்க?"

மாஸ்டர் வெடியனைப் பார்த்தார். வெடியனின் காதுகள் தொங்கின. அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை.

மாஸ்டர் நாக்கை நீட்டி இழுத்தார். "கால்ல தப்பு ஒரு பங்கு. என் ஏற்பாட்டுல ஒம்போது பங்கு. ஓடச் சொல்லத் தெரிஞ்சுது, திரும்பக் கூப்பிடத் தெரியலை. இனிமே ஒரு குரல் கேட்டா ஓடு. விடாம அடுத்தடுத்துக் கேட்டா எங்க இருந்தாலும் திரும்பி வா."

"அதோட, நான் கீழே வர்றேன்," என்றாள் செம்பாயி. "கிளையில இருந்தா பாதி நேரம் இலைதான் தெரியுது."

மறுபடி ஓடினார்கள். ஒரே குரல், சுத்தமான குரல். இந்தத் தடவை வெடியன் அசையாமல் இருப்பதிலேயே கவனமாக இருந்து, கிளம்பப் பிந்திவிட்டான். மூக்கு நீளத்தில் சருகுமான் ஜெயித்தது.

ஏரிக்கரையில் யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பாள். கருவேல மரத்தில் அவள் கூட்டைச் சுற்றி முள்ளை வைத்துவிட்டு, "இங்கே இடமில்லை," என்றது செம்போத்து. வாழ்நாளில் முதல் தடவையாக அவள் பேரம் பேசவில்லை. குஞ்சுகளைக் கீழே குதிக்கச் சொல்லி, கோட்டுக்குப் பக்கத்திலே கூழாங்கற்களுக்கு நடுவே வைத்தாள்.

மலையடிச் சனம் மடுவில் இறங்கியபோது வாத்தியார் அவளிடம் வந்தார். "உன் குஞ்சுகளை எங்களோட முதல்ல குடிக்க விடுறேன்மா."

"எங்க சனத்தையும் விடுவீங்களா?"

"அது எப்படி?"

"அப்போ வேணாம், வாத்தியாரே. ஒத்துக்கிட்டது ஒத்துக்கிட்டதுதான்."

ஏரிக்கரையின் முறை வந்தபோது மடுவின் நடுவில் ஒரு கை அகலத் தண்ணீர்தான் மிச்சம். சுற்றிலும் சேறு. குஞ்சுகளால் அதைத் தாண்ட முடியாது. செம்பாயி அந்தக் கலங்கலில் போய் வயிற்றை அழுத்திப் படுத்தாள். இறகு நனைய நனையக் காத்திருந்து, சொட்டச் சொட்டச் சுடுமணலில் ஓடிவந்து குஞ்சுகளின் மேல் நின்றாள். அவை இறகைக் கவ்வி உறிஞ்சின. மறுபடி போனாள். மறுபடி வந்தாள்.

வெடியன் வெயிலை மறைத்துக்கொண்டு குஞ்சுகளின் பக்கத்தில் நின்றிருந்தான்.

"அடுத்த வருசமும் நீங்கதானே அக்கா கத்துவீங்க?"

"நான்தான்டா. ஏன்?"

"நீங்கன்னா ஓடுறேன்."

அன்று ஆரம்பித்ததுதான். ஆள்காட்டி மரத்தை விட்டு வெறுந்தரையில் முட்டையிடுகிறது, வெயில் ஏறினால் வயிற்று இறகில் தண்ணீர் கொண்டுவருகிறது, யார் கால் நகர்ந்தாலும் தலைக்கு மேல் வட்டமிட்டு அடுத்தடுத்துக் கத்துகிறது. அதைக் கேட்டதும் எந்தத் தப்பும் செய்யாதவன்கூட ஒரு நொடி நின்று, தன் காலைக் குனிந்து பார்த்துக்கொள்கிறான்.