ரேஷன் கார்டிலிருந்து நீங்கிய பெயர்

கார்த்திகை மழைநாளில், காலை பதினொரு மணிக்கு, மில் முதலாளி தணிகாசலம் குடும்ப நீதிமன்றத்தில் கூண்டேறினார். மனைவி வேதநாயகி காரணமின்றித் தன்னைக் கைவிட்டுப் போனாள் என்று விவாகரத்து கேட்டிருந்தார். அது நிலைத்தால் பழியும் அவளுக்கே, ஜீவனாம்சமும் சந்தேகமே. வக்கீல் வைக்க வழியற்ற வேதநாயகி தானே குறுக்கு விசாரணை செய்ய எழுந்தாள்.

"நான் எப்பங்க வீட்டை விட்டுப் போனேன்?"

"மூணு வருஷம் முன்னே, ஆடிப்பெருக்கன்னைக்கு! அதுவரைக்கும் மகாராணி மாதிரி உட்கார்ந்து தின்னியே!"

அவர் அடித்து வளைந்த கையால் அவள் ஒரு தாளை நீட்டினாள்.

"அப்போ அந்த வருஷம் வைகாசியிலேயே, 'இவள் இங்கே இல்லை'ன்னு ரேஷன் கார்டிலிருந்து என் பேரை எடுக்கச் சொன்ன கையெழுத்து யாருதுங்க?"

முதலாளி தாளிலிருந்த தன் கையெழுத்தைப் பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"துரத்தத் துணிந்தவர் கைவிடப்பட்டவர் ஆகமாட்டார்" என்றார் நீதிபதி. தணிகாசலத்தின் மனு தள்ளுபடியானது. கொடுமையைக் காரணம் காட்டி எதிர்மனுவில் அவள் கேட்ட விவாகரத்தும் மாத ஜீவனாம்சமும் கிடைத்தன.

தை மாத ஜீவனாம்சத்தைத் தணிகாசலம் தாமே கட்டினார். மாசிக்கு உரியதை ஜப்தி நோட்டீஸ் போன பிறகே, பங்குனியில் கட்டினார்.