வாசனை பூசிய வண்டி

மழை பிடித்தால் பள்ளமெல்லாம் குளமாகிவிடும் ஒரு காட்டில், முள்ளி என்ற முள்ளம்பன்றியும் அவள் கணவன் சடையனும் குடியிருந்தார்கள். முள்ளிக்கு எதிலும் சந்தேகம். காற்று திசை மாறினால்கூட ஏன் மாறியது என்று நின்று பார்ப்பாள். சடையனோ யார் என்ன சொன்னாலும் தலையாட்டிவிடுவான்.

அந்த ஆண்டு சடையன் பாறையில் வழுக்கி விழுந்து பின்னங்காலை முறித்துக்கொண்டான். மழை இறங்குவதற்குள் அவனையும், கோடையில் தோண்டிச் சேர்த்த கிழங்குகளையும் மலைமேல் இருந்த வளைக்குக் கொண்டுபோயாக வேண்டும். கீழ் வளையில் தங்கினால் வெள்ளம் உள்ளே வந்துவிடும். இவ்வளவையும் முள்ளியால் முதுகில் சுமக்க முடியாது. ஆகவே பழைய வண்டி ஒன்றை வாங்குவது என்று இருவரும் முடிவு செய்தார்கள்.

சந்தையில் பழைய வண்டிகளை விற்பவன் வாசன் என்ற புனுகுப்பூனை. பேச்சிலும் மணம், உடம்பிலும் மணம். முள்ளியையும், கோலூன்றி நொண்டி வந்த சடையனையும் பார்த்ததுமே எழுந்து வந்தான்.

"வா தங்கச்சி. வாங்க மாப்பிள்ளை. உங்களுக்கென்றே ஒரு வண்டி வைத்திருக்கிறேன்" என்றான்.

இதற்கு முன் பார்த்தே இராதவன் எப்படித் தங்கச்சி என்கிறான் என்று முள்ளிக்குத் தோன்றியது.

வண்டி பளபளவென்று இருந்தது. இரண்டு சக்கரம், அகலமான பலகை, பிடித்து இழுக்க நீண்ட கைமரம். முள்ளி அதை மூன்று முறை சுற்றி வந்தாள். கிட்டே போகப்போகப் புனுகு வாசனை மூக்கை அடைத்தது.

"வண்டிக்கு எதற்கு அண்ணே இவ்வளவு வாசனை?"

"உட்கார்ந்து போகிறவர்களுக்கு மனம் குளிரட்டுமே என்றுதான்."

"இதற்கு முன் யார் வைத்திருந்தது?"

"ஒரு கிழ முயல். வாரத்தில் ஒருநாள்தான் வெளியே எடுப்பார். அதுவும் இலை தழைதான் ஏற்றுவார். கிழங்கு மாதிரி கனமான எதையும் இந்த வண்டி கண்டதே இல்லை."

"அடிப்பக்கம் பார்க்கலாமா?"

"பார்க்கலாம். ஆனால் தரையெல்லாம் சேறு. கவிழ்த்தால் பலகை பாழாகிவிடும்."

"மரங்கொத்தியைக் கூட்டி வருகிறேன். தட்டிப் பார்த்துச் சொல்லட்டும்."

வாசன் வருத்தத்தோடு தலையை ஆட்டினான். "கூட்டி வா. எனக்கென்ன? ஆனால் அதோ நிற்கிற காட்டுப்பன்றி காலையிலிருந்து இதே வண்டியைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. நீ போய்வரும்வரை எப்படி நிறுத்தி வைப்பது?"

தூரத்தில் ஒரு காட்டுப்பன்றி நின்றது உண்மைதான். அது வண்டியைப் பார்க்கிறதா, பக்கத்துக் கடைக் கடலையைப் பார்க்கிறதா என்று முள்ளிக்குப் புரியவில்லை.

சடையன் அவள் காதருகில் வந்து, "பாவம், நல்லவராகத் தெரிகிறார். எல்லாரையும் இப்படிக் குடைந்து குடைந்து கேட்டால் என்ன நினைப்பார்கள்?" என்றான்.

முள்ளிக்குக் கூச்சமாகிவிட்டது. மரங்கொத்தியைத் தேடிப் போகவில்லை. ஆனாலும் ஒன்றை மட்டும் விடவில்லை.

"அச்சில் பழுதில்லை என்று ஓலையில் எழுதிக் கொடுங்கள், அண்ணே."

வாசன் சிரித்துக்கொண்டே எழுதினான். முள்ளி ஓலையை வாங்கிப் படித்தாள். 'பழுதில்லாத அச்சு' என்று பெரிதாக எழுதியிருந்தது. அதன் கீழே எறும்பு ஊர்வதுபோலப் பொடி எழுத்தில், 'விற்ற வண்டி திரும்ப எடுக்கப்பட மாட்டாது' என்றும் இருந்தது. அது அவளுக்கு உறுத்தியது. அதற்குள் சடையன் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டான். பல நடையாகச் சந்தைக்குச் சுமந்து வந்திருந்த கிழங்கில் பாதியை விலையாகக் கொடுத்துவிட்டு, மீதிப் பாதியை அவனருகில் ஏற்றிக்கொண்டு முள்ளி வண்டியை இழுத்தாள்.

மலைப்பாதையில் பாதி தூரம்கூட ஏறவில்லை. ஒருபக்கம் பாறை, மறுபக்கம் கிடுகிடு பள்ளம். அங்கே, காய்ந்த மூங்கில் வெடிப்பதுபோல் ஒரு சத்தம் கேட்டது. அச்சு இரண்டாக முறிந்தது. ஒரு சக்கரம் கழன்று பள்ளத்துக்குள் உருண்டு போயிற்று. வண்டி சாய்ந்தது. கிழங்குகள் ஒவ்வொன்றாகச் சரிந்து விழுந்தன. சடையனும் சரிந்தான்.

முள்ளி கைமரத்தை விட்டுவிட்டுப் பாய்ந்து, அவன் கழுத்து முடியைப் பல்லால் கவ்விக்கொண்டாள். அவள் காலுக்கடியில் மண் உதிர்ந்தது. நல்லவேளை, சாய்ந்த வண்டி ஒரு மரத்தின் வேரில் மாட்டி நின்றது. அவனை இழுத்துப் பாறை நிழலில் போட்டாள்.

பிறகு முறிந்த அச்சைப் பார்த்தாள். முறிந்த இடத்தின் ஓரம் மட்டும் வெள்ளையாக, புதிதாக இருந்தது. நடுவெல்லாம் கறுத்துப் பழசாகக் கிடந்தது. அந்தக் கறுப்புக்குள் தேன்மெழுகும் மரத்தூளும் திணிக்கப்பட்டிருந்தன. மேலே மரத்தின் நிறத்தில் சாயம். சாயத்துக்கு மேலே புனுகு.

"இது இன்று முறிந்ததில்லை" என்றாள் முள்ளி.

"போகட்டும், விடு. கொடி இருந்தால் கொடு, நானே சேர்த்துக் கட்டிவிடுகிறேன்" என்றான் சடையன்.

"தொடாதீர்கள். கட்டினால் உள்ளே இருந்தது யாருக்கும் தெரியாமல் போய்விடும்."

முள்ளி சற்று யோசித்தாள். மெழுகை வைத்து அடைத்தவன் அதை வெளியே தெரிய விடுவானா? சடையன் கண்ணயரும்வரை காத்திருந்தாள். பிறகு முறிந்த அச்சின் இரண்டு துண்டுகளையும் உருவி எடுத்து, பாறை இடுக்கில் மண்ணால் மூடினாள். அதே நீளத்தில் இரண்டு காய்ந்த கட்டைகளைத் தேக்கிலையில் சுற்றி வண்டியில் வைத்தாள். சடையனிடம் இதைச் சொல்லவில்லை. அவனிடம் சொன்னால், கேட்கிறவர்களுக்கெல்லாம் அவன் சொல்லிவிடுவான்.

அவள் சந்தைக்கு இறங்கி வந்தபோது வாசன் வேறொரு வண்டிக்குப் புனுகு பூசிக்கொண்டிருந்தான்.

"அச்சு முறிந்துவிட்டது. என் கணவர் பள்ளத்தில் விழப் பார்த்தார்" என்றாள்.

"அடடா. அளவுக்கு மேல் பாரம் ஏற்றியிருப்பாய், தங்கச்சி. மேட்டில் எப்படி இழுப்பது என்றும் தெரிந்திருக்காது. ஓலையில் கீழ்வரியைப் படித்தாயா?"

"படித்தேன். நான் சந்தைத் தலைவரிடம் போகிறேன்."

வாசனின் வால் ஒருகணம் அசையாமல் நின்றது. பிறகு முகமெல்லாம் சிரிப்பாக, "அவரை எதற்குத் தொல்லை செய்ய வேண்டும்? புது அச்சை நானே சும்மா போட்டுத் தருகிறேன். அந்தப் பழைய கட்டையை மட்டும் என்னிடம் கொடுத்துவிடு" என்றான்.

"முறிந்த கட்டை உங்களுக்கு எதற்கு?"

"அடுப்பெரிக்கத்தான். களைத்துப் போயிருப்பாய், உட்கார். நெல்லிக்காய் சாப்பிடு."

நெல்லிக்காயை எடுத்து வைத்தபடியே வாசன் கடைக்குப் பின்னால் யாரிடமோ கிசுகிசுத்ததை முள்ளி கேட்டாள். இரண்டு கீரிகள் மலைப்பாதைப் பக்கம் ஓடியதையும் பார்த்தாள். அவள் எழுந்து ஓடவில்லை. நெல்லிக்காயை மெதுவாகக் கடித்துச் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் கிளம்பினாள். போகும் வழியில் சந்தைத் தலைவரிடம் முறையிட்டுவிட்டும் போனாள்.

அவள் மலைக்குத் திரும்பியபோது சடையன் மகிழ்ச்சியாக இருந்தான்.

"வாசன் இரண்டு பிள்ளைகளை அனுப்பியிருந்தார். நல்ல பிள்ளைகள். காலுக்கு மருந்துகூடச் சொன்னார்கள். இலையில் நீ சுற்றி வைத்திருந்த அச்சை எடுத்துக்கொண்டு போனார்கள்."

"போகட்டும்" என்றாள் முள்ளி.

மறுநாள் காலையில் சந்தை வாசலில் விசாரணை நடந்தது. சந்தைத் தலைவர் ஒரு காட்டெருமை. கண்ணால் பார்த்ததைத் தவிர வேறெதையும் நம்பாதவர். முள்ளி நடந்ததைச் சொன்னாள். வாசன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தான்.

"ஐயா, வாங்கியவர்கள் சொல்வதற்கு அளவேது? விற்றபோது அச்சில் விரிசல் இருந்தது என்றால் அச்சைக் காட்டட்டும். காட்டிவிட்டால் வாங்கிய கிழங்கு முழுவதையும் திருப்பித் தருகிறேன். பள்ளத்தில் போனதற்கும் ஈடு தருகிறேன். இவர்களை மலைமேல் நானே இழுத்துக்கொண்டுபோய் விடுகிறேன்."

"இதை எல்லோரும் கேட்டீர்களா?" என்றது காட்டெருமை. எல்லோரும் கேட்டோம் என்றார்கள்.

முள்ளி முதுகிலிருந்த மூட்டையை அவிழ்த்தாள். உள்ளே முறிந்த அச்சின் இரண்டு துண்டுகளும் இருந்தன.

வாசன் கீரிகளைப் பார்த்தான். கீரிகள் தரையைப் பார்த்தன.

மரங்கொத்தியை அழைத்தார்கள். அது துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தது. பிறகு மூக்கால் மெழுகைச் சுரண்டி எடுத்தது. "வெள்ளை ஓரம் நேற்று முறிந்தது. நடுவிலிருக்கும் கறுப்பு, போன மழைக்கு முன்பே வெடித்தது. யாரோ மெழுகை வைத்து அடைத்திருக்கிறார்கள்" என்றது.

"இது என் வண்டியின் அச்சே இல்லை. எங்கிருந்தோ பொறுக்கி வந்திருக்கிறாள்" என்றான் வாசன்.

காட்டெருமை அச்சைத் தன் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தது. பிறகு வாசனின் உடம்பையும் முகர்ந்தது. "இரண்டிலும் ஒரே புனுகு" என்றது.

வாசனின் குரல் இறங்கிவிட்டது. "ஐயா, எப்படியிருந்தாலும் விற்ற வண்டி திரும்ப எடுக்கப்பட மாட்டாது என்று ஓலையிலேயே எழுதியிருக்கிறேனே."

"வாங்கியவளுக்கு நிறம் பிடிக்கவில்லை என்றால் அந்த வரி செல்லும். நீ பழுதை மெழுகால் மூடினாய். அதே ஓலையில் பழுதில்லை என்றும் எழுதினாய். பொய் சொல்லி விற்றவன் அந்த வரிக்குப் பின்னால் ஒளிய முடியாது. உன் வாயால் சொன்னபடி செய்" என்றது காட்டெருமை.

அன்று மாலையே வேலை நடந்தது. திருப்பித் தந்த கிழங்குகளை வேறொரு வண்டியில் ஏற்றி, சடையன் இருந்த பாறைக்கு வாசன் கொண்டுவந்தான். மரங்கொத்தி அதன் அச்சைத் தட்டிப் பார்த்து நல்லது என்று சொன்ன பிறகுதான் சடையன் ஏறினான். வாசன் மூச்சு வாங்க வாங்க மேட்டில் இழுத்தான். முள்ளி சக்கரத்தின் பக்கமாகவே நடந்து வந்தாள். தூரத்து மலையில் மழை இறங்கிவிட்டது தெரிந்தது.

மேல் வளை கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் வாசன் நின்று திரும்பினான்.

"எல்லாவற்றையும் திருப்பித் தந்துவிட்டேன். வண்டியையும் இழுக்கிறேன். இன்னுமா என்மேல் சந்தேகம்?"

"ஆமாம்" என்றாள் முள்ளி. "நடங்கள்."

நீதி: மறைத்து விற்ற குறைக்கு விற்றவரே பொறுப்பு, வாங்கியவர் கூச்சப்படாமல் கேட்க வேண்டும், சான்றைக் கைவிடாமல் காக்க வேண்டும்.