செண்பகவல்லி வரைந்த கண்

முதல் பரிசு வாங்கிய பிள்ளை, இனிப் பென்சிலையே தொட மாட்டேன் என்றால் எந்த ஓவிய வாத்தியாருக்குத் தூக்கம் வரும்? மகுடபதிக்கும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், தனக்கு வரையக் கற்றுக்கொடுத்த அருளம்மாள் டீச்சர் வீட்டுக்குப் போய் நின்றார்.

டீச்சர் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். "என்னப்பா, மூஞ்சி செத்துக் கிடக்கு?"

"ஒன்பதாவது படிக்கிற பிள்ளை, டீச்சர். செண்பகவல்லின்னு பேரு. 'என் அம்மா'ன்னு தலைப்புக் கொடுத்தேன். அச்சு அசலா வரைஞ்சா. கண்காட்சியில முதல் பரிசு. அதுக்கப்புறம் வகுப்புல கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கா. மறுபடி அவளை எப்படி வரைய வைக்கிறது?"

"அச்சு அசலாவா?"

மகுடபதி பூண்டுத் தோலைப் பார்த்தார்.

"ஒரு கண்ணு மட்டும் கீழே இறங்கி இருந்தது. போட்டிக்குப் போற படமாச்சேன்னு நான்தான் அழிச்சு நேராக்கினேன்."

ஊரில் இல்லாத வழக்கமா என்ன! போட்டிக்குப் போகும் படத்தில் வாத்தியார் கை படாமல் இருந்தால்தான் அதிசயம்.

டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். தாளும் பென்சிலும் கொண்டுவந்து வைத்தார்.

"உன் இடது கையை வரை."

வரைந்தார். சின்ன வயதில் கபடி ஆடும்போது அவருடைய சுண்டுவிரல் முறிந்து, கோணலாகவே கூடிவிட்டது. அந்தக் கோணலை அப்படியே கொண்டுவந்துவிட்டார். மனசுக்குள் கொஞ்சம் பெருமைகூட.

டீச்சர் ரப்பரை எடுத்தார். மகுடபதிக்குத் திக்கென்றது. அவரிடம் படித்த காலத்தில், பிள்ளைகளின் தாளில் டீச்சர் ஒரு கோடு போட்டது கிடையாது. இப்போது பரபரவென்று சுண்டுவிரலை அழித்துவிட்டு, நேராக ஒரு விரலைப் போட்டார். அழகான விரல்தான்.

"டீச்சர்! என் விரலே அப்படித்தான்!"

"அடடா. நீ தப்பா வரைஞ்சிட்டியோன்னு நினைச்சேன்."

மகுடபதி இடது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். முழுசாகச் சொல்லாமல் இனித் தப்ப முடியாது என்று தெரிந்துவிட்டது.

"கண்காட்சிக்கு அவங்க அம்மா வந்திருந்தாங்க. அன்னைக்குத்தான் அவங்களை முதல்தடவையா பார்க்கிறேன். ஒரு கண்ணு இறங்கித்தான் இருக்கு, டீச்சர். பிள்ளை சரியாத்தான் வரைஞ்சிருக்கா. அந்த அம்மா படத்தையே பார்த்துக்கிட்டு நின்னாங்க. அப்புறம், 'என் கண்ணு உனக்கு இவ்வளவு அசிங்கமாவா இருந்துச்சு தாயி?'ன்னு அவகிட்ட கேட்டாங்க."

"அவ என்ன சொன்னா?"

"என்னைப் பார்த்தா."

"நீ?"

"ஹெட்மாஸ்டர் பக்கத்துல நின்னாரு. பரிசு கொடுக்க வந்தவங்க வேற... நான் வாயே திறக்கலை. எல்லாரோடயும் சேர்ந்து கை தட்டிக்கிட்டு நின்னேன்."

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அந்த அம்மாள் வெளியே போனதையும், பரிசுக் கோப்பையோடு பிள்ளை பின்னாலேயே ஓடியதையும் நினைத்தபோது அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. சீ, நானும் ஒரு வாத்தியாரா என்று இருந்தது. டீச்சர் நாலு வார்த்தை திட்டினால்கூடத் தேவலை. அவரோ மறுபடியும் பூண்டை எடுத்துக்கொண்டார்.

"அவளை வரைய வைக்க நான் என்ன செய்யட்டும், டீச்சர்?"

"அவ எதுக்கு வரையணும்? நீ அவங்க வீட்டுக்குப் போ. அந்த அம்மாகிட்ட நடந்ததைச் சொல்லு. இடம் கொடுத்தாங்கன்னா, அவங்களை உட்கார வெச்சு நீ வரை."

டீச்சர் ரப்பரை அவர் பக்கமாகத் தள்ளினார்.

"நீ வரையறப்ப இதைப் பிள்ளை கையில கொடுத்துடு."