ஒரு சாண்

"மறக்கிறதுக்கு ஏதாச்சும் மந்திரம் இருந்தாக் குடுங்கம்மா" என்றார் சேவுகன்.

அந்த மடத்தை நடத்திவந்த மடத்தம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவரைவிட இருபது வயது இளையவள்.

"எதை மறக்கணும்?"

"அதைப் பேசுறதில்லைம்மா. பேசினா வந்துரும்."

கூட்டிவந்த மைத்துனன்தான் சொன்னான். சேவுகன் ஊர்க் கண்மாய்க்கு நீர்பாய்ச்சி. மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவர் கையில். மூன்று வருஷத்துக்கு முன் ஐப்பசி மழை விடாமல் பெய்தது. இரண்டாம் போகத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்று ஊர் சொல்ல, அவரும் மடையை அடைத்தே வைத்தார். ஆறாம் நாள் இரவு அசந்து தூங்கிவிட்டார். கரை உடைந்தது. வாத்து மேய்க்க வந்து, கரைக்குக் கீழே குடில் போட்டிருந்த புருஷனும் பெண்டாட்டியும் வெள்ளத்தோடு போனார்கள்.

ஊர் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றிலிருந்து கண் அசந்தால் தண்ணீர்ச் சத்தம். எழுந்து ஓடுவார்.

மடத்தம்மா மந்திரம் எதுவும் தரவில்லை. இருக்கச் சொன்னாள்.

இருந்தார். பகலெல்லாம் விறகு பிளந்தார், மாட்டுக்கொட்டில் கழுவினார். நினைப்பு அந்தப் பக்கம் திரும்பினால் இன்னொரு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டார். இரவில் மடத்தைச் சுற்றி ஓடினார்.

நாய் வாங்கும் செலவு மிச்சம் என்றாள் சமையல்காரி சொர்ணம். அவருக்கும் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தெம்பில்லை.

ஐப்பசி பிறந்தது. மூன்று நாள் மழை. மடத்துக்குப் பின்னால் இருந்த ஏந்தல், ஒரு சின்னக் குளம், நிரம்பிக்கொண்டு வந்தது. உடைந்தால் மடத்து வாழைத்தோட்டம் போகும், அவ்வளவுதான். ஆனாலும் அவர் கரையை விட்டு இறங்கவில்லை.

மடையைத் திறக்கட்டுமா என்று கேட்கப் போனார். வேண்டாம் என்றாள் மடத்தம்மா.

மறுநாள் விடிந்ததும் மறுபடி போனார். கண்கள் சிவந்து கிடந்தன. தண்ணீர் கரை முட்ட ஒரு முழம்தான் பாக்கி என்றார்.

"அடைச்சே வைங்க" என்றாள். "அடைச்சு வச்சா அடங்கிரும்."

சேவுகன் அவளை நிமிர்ந்து பார்த்தார். மடத்துக்கு வந்த பிறகு முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்தது.

"யாரும்மா சொன்னா? அடைச்ச தண்ணி அடங்காது. நாம அசர்ற நேரம் பாத்து உடைச்சிட்டுப் போகும். பகல்ல, ஆளு முழிச்சிருக்கையில, கொஞ்சங் கொஞ்சமா விடணும்."

"எவ்வளவு விடணும்?"

"பலகையை ஒரு சாண் தூக்கினாப் போதும். முழுசாத் தூக்கினா வாய்க்கால் தாங்காது."

"சரி, போய்த் தூக்குங்க."

தூக்கினார். கலங்கல் தண்ணீர் வாய்க்காலில் இறங்கியது. சேற்றுக் கையைக் கழுவிவிட்டுத் திரும்பினால், மடத்தம்மா ஈரக் கரைமேல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தட்டிக் காட்டினாள். உட்கார்ந்தார்.

"இப்ப நீங்க பேசாத அதுல ஒரு சாண்" என்றாள்.

அவர் வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். தூறல் நின்று, மறுபடி பிடித்தது.

"அந்தப் பொண்ணு" என்றார். "அன்னைக்குச் சாயந்திரம் எனக்கு ரெண்டு வாத்து முட்டை குடுத்துச்சு. துண்டுல முடிஞ்சு வச்சிருந்தேன்."

மேலே சொல்ல வாயெடுத்தார்.

"போதும்" என்றாள் மடத்தம்மா.

அவர் கேட்டார். "இன்னைக்கு ராத்திரியும் சத்தம் வருமேம்மா?"

"வரும்" என்று எழுந்தாள். "காலையில இங்கேயே வந்துருங்க, இன்னொரு சாண் விடலாம். நானும் வர்றேன்."