அழுங்கம்மா வீட்டு வாசல்

குட்டையோரம் வெறும் தரையில் ஆள்காட்டிக் குருவி ஒன்று முட்டையிட்டிருந்தது. கூழாங்கல்லோடு கூழாங்கல்லாகக் கிடக்கும் முட்டைகள். யாராவது வந்தால் குருவி நைசாக எழுந்து, வேறெங்கோ போய் உட்கார்ந்து அடைகாப்பதுபோல் நடிக்கும். வந்தவர்கள் அங்கே தேடி ஏமாந்து போவார்கள்!

அந்தக் காட்டில் அழுங்குக் குடும்பம் ஒன்றே ஒன்றுதான். உடம்பெல்லாம் கெட்டிச் செதில், சாப்பாடு எறும்பு, குடியிருப்பது மண்ணால் வாசலை மூடிய வளைக்குள். பகலில் அதிகம் தலை காட்டாது. "மண்ணுக்கடியில் என்னமோ சதி நடக்குது ராஜா!" என்று காவல் அதிகாரி காகம் காட்டெருமை ராஜாவின் காதில் ஓதியது. ராஜாவும் நம்பிவிட்டார். அழுங்கு எங்கே போனாலும் கத்திக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்று ஆள்காட்டிக்கு உத்தரவு வந்தது.

குருவிக்குப் பெருமை தாங்கவில்லை. அழுங்கம்மா புற்றுக்குப் போனாலும் கத்தல், குட்டியை வாலில் ஏற்றிக்கொண்டு தண்ணீருக்கு வந்தாலும் கத்தல்!

"ஏன் தங்கச்சி, நான் தண்ணி குடிக்கிறதுகூட ராஜாங்க விஷயமா?"

"தப்பு பண்ணாதவங்களுக்கு என்னக்கா பயம்?"

காகம் வந்து விசாரித்தது. "குட்டிகிட்ட என்ன ரகசியம் பேசுறா?"

"வாலைக் கெட்டியாப் பிடிச்சுக்கோன்னு சொல்றாங்க ஐயா."

"பார்த்தியா! வால்னா சிம்மாசனம்! அதைப் பிடிக்கத்தான் திட்டம்!"

மறுநாளே ராஜாவின் ஆட்கள் வந்து வளையின் வாசலைத் தோண்டித் திறந்துபோட்டார்கள். இனி இந்தக் காட்டில் யாருக்கும் மறைவிடம் கிடையாது என்று சட்டமும் வந்தது. குட்டி வெயிலில் கண்கூசிச் சுருண்டது. குருவிக்கு மனசு உறுத்தியது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

ஒரு சாயங்காலம் காகம் குருவியிடமே வந்தது. "உன் முட்டையெல்லாம் எங்கே?"

"அது எதுக்கு ஐயா?"

"சட்டம் எல்லாருக்கும்தானே! தப்பு பண்ணாதவளுக்கு என்ன பயம்?"

குருவி ஓடிப்போய் வேறிடத்தில் உட்கார்ந்தது. காகம் சிரித்தது. "என்கிட்டயே நடிப்பா? உன்னைக் கண்காணிக்கவும் ஆள் வச்சிருக்கேன்டி!" நேராக முட்டைகளைப் பார்த்து நடந்தது.

"ஐயோ, யாராவது வாங்களேன்!"

திறந்து கிடந்த வளையிலிருந்து அழுங்கம்மா ஓடி வந்தாள். முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு படுத்துக்கொண்டாள். காகம் கொத்திக் கொத்திப் பார்த்தது. அலகு வலித்ததுதான் மிச்சம். கறுவிக்கொண்டே பறந்துபோனது.

குருவி தேம்பியது. "உங்களைக் காட்டிக்கொடுத்தேனேக்கா நான்!"

"நீ கொடுத்தே. முட்டையா கொடுத்துச்சு? சும்மா அழாம ராஜாகிட்ட போய்க் கத்து. அதுதான் உனக்கு நல்லா வருமே!"

குருவி ராஜசபையில் போய்த் தொண்டை கிழியக் கத்தியது. முட்டை தின்ன வந்த கதையைக் கேட்டதும் கௌதாரி எழுந்தது. "அப்போ என் கூட்டுக்கும் இந்தக் கதிதானா?" முயல் எழுந்தது. "என் பொந்துக்கு?" சபையே எழுந்து நின்றது. ராஜா தலைகுனிந்தார். சட்டமும் போனது, காகத்தின் பதவியும் போனது.

குருவி அன்றைக்கே அலகு அலகாக மண் சுமந்து, அழுங்கம்மாவின் வாசலை மூடிக்கொடுத்தது.

அடுத்தவர் வீட்டுக் கதவைப் பிடுங்கும்போது நாம் பேசாமல் இருந்தால், நம் வீட்டுக்கும் கதவு மிஞ்சாது.